அரிக்காத அரிசி

மலைகவிழ்ந்தானில் முதலில் ஊரும் இல்லை, குழியும் இல்லை, ஒரு மலைதான் இருந்தது. அதுவும் பெரிய மலை என்று சொல்லிவிட முடியாது, ஆடு மேய்க்கிறவன் ஏறி நின்று எந்த ஆடு எங்கே போயிற்று என்று பார்க்கிற அளவுக்கு ஒரு மேடு. அந்த மேட்டில் எவனோ ஒருவன் காலில் குத்திய கல்லைப் பிடுங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தான், கல் அவனைத் திருப்பிப் பார்த்தது, அவ்வளவுதான், கேள்விப்பட்டவன் எல்லாம் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கப்பலேறி வந்துவிட்டான். மேடு தரையாயிற்று, தரை பள்ளமாயிற்று, பள்ளம் கிணறாயிற்று, கிணறு பெருகிப் பெருகி, எட்டிப் பார்த்தவனுக்குத் தலை சுற்றுகிற பெருங்குழியாயிற்று. இருந்த மலையைப் பிடுங்கித் தலைகீழாக நட்டு வைத்த மாதிரி அது ஆன பிறகு, அதன் விளிம்பைச் சுற்றிக் கூடாரம் வந்தது, கூடாரத்துக்குப் பின்னால் சாராயக் கடை வந்தது, சாராயக் கடைக்குப் பின்னால் கோர்ட்டு வந்தது, அப்புறம் மாதா கோயில், மசூதி, மாரியம்மன் கோயில், டிராம் வண்டி, மின்சார விளக்கு எல்லாம் வந்தன. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பிரபுவின் பெயரை வெள்ளைக்காரர்கள் ஊருக்கு வைத்தார்கள். அது வாயில் நுழையவில்லை என்று, கடற்கரைக் கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தம் முடிந்து ரயிலேறி வந்த நம்மவர்கள், மலைகவிழ்ந்தான் என்று தங்களுக்குள் ஒரு பெயர் வைத்துக்கொண்டு, குழிக்குத் தெற்கே தகரப்பேட்டையில் குடியிருந்தார்கள்.

அந்த ஊருக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு, மற்றதெல்லாம் அதன் குட்டிகள். எங்கே கிடைத்தாலும், மண்ணுக்குள் கிடைத்தாலும் மண்ணுக்கு மேலே கிடைத்தாலும், கோழியின் இரைப்பையில் கிடைத்தாலும், வைரக்கல் கம்பெனிக்குச் சொந்தம். அதனால் குழியிலிருந்து ஏறி வருகிற எவனும் வாசலில் சோதனை கொடுக்காமல் வெளியே போக முடியாது. தலைமயிர், காது, கால்விரல் இடுக்கு, அக்குள் எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியாக வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில் விரலை விட்டுத் துழாவுவார்கள். சந்தேகம் வந்தால் சோதனைக் கொட்டடியில் பூட்டி வைத்து விளக்கெண்ணெய் கொடுத்து, வெளியே வருவதைச் சல்லடையில் அலசுவார்கள். இந்த ஊர் பணக்கார ஊர் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்தபோது அதன் பெருமை இந்த லட்சணத்தில்தான் இருந்தது.

காத்தாயியின் புருஷன் சின்னப்பையனை அந்த வாசலில் தினமும் சோதனை போட்டவன் வேதகிரி. அவனும் தகரப்பேட்டைக்காரன்தான், ஒரே கப்பலில் வந்தவன். சின்னப்பையன் வாயை ஆவென்று திறந்து காட்டியபடியே, "அண்ணே, நேத்து துன்ன கருவாடு பல்லு சந்துல மாட்டிக்கினு கீது, அப்பிடியே எடுத்து வுட்டுடேன்" என்பான். வேதகிரி சிரிக்காமல் இருக்கப் பார்த்துத் தோற்றுப்போவான். சிரிப்பும் சோதனையுமாக வருஷக்கணக்கில் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் அடி மட்டத்துச் சுரங்கம் இடிந்து விழுந்தது. சின்னப்பையன் உள்ளே இருந்தான், இன்னும் பலர் உள்ளே இருந்தார்கள், பக்கத்துத் தகர வீட்டு நொம்சாவின் புருஷன் சிப்போவும் இருந்தான். கம்பெனி வந்து பார்த்தது, இடிபாட்டைத் தோண்டுவதற்கு ஆகிற செலவையும் பார்த்தது, அந்த மட்டத்தின் வாயைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, அவர்கள் அங்கேயே அடக்கமானதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியனுப்பியது. கூடவே, தமிழ்ப் பெண்சாதிகளுக்கு ஆளுக்கொரு மூட்டை அரிசியும், அந்த மண்ணின் பெண்சாதிகளுக்கு ஆளுக்கொரு மூட்டை சோளமும் வந்தன.

மூட்டையை வாங்கிக்கொண்டாள் காத்தாயி. ஆனால் தாலி வாங்க வந்த கிழவிகளை வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

"செத்த மூஞ்சியக் கண்ணால பாக்கணும், வாயில நாலு அரிசி போடணும், அப்பறம் நானே கழட்டித் தரேன்" என்றாள். "அதுவரைக்கும் எம் புருஷன் ஷிப்டுல கீறான். இன்னும் வூட்டுக்கு வரல, அவ்ளோதான்."

நெற்றி நிறையக் குங்குமமும் தலை நிறையப் பூவுமாக அவள் தண்ணீருக்குப் போனபோது தகரப்பேட்டை இரண்டாகப் பிரிந்து பேசியது. கூசாமல் திரிகிறாள் என்றார்கள் சிலர், அவள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறதே என்றார்கள் சிலர். இந்த இரண்டாவது பேச்சு மெல்லப் பரவி, பறிகொடுத்த பெண்கள் எல்லாரும் ஒவ்வொருத்தியாகப் பூ வாங்கினார்கள். வெளியே அப்படி நிமிர்ந்து நடந்தவள் வீட்டுக்குள் அவனுடைய சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிவிட்டு உலைக்கு அரிசி அளக்கும்போது தனக்கு இரண்டு பிடி போட்டாள், அவனுக்கு ஒரு பிடி போட்டாள். ஷிப்டு முடிந்து பசியோடு வருகிறவனுக்குச் சோறு இல்லாமல் போகலாமா? அங்கே எல்லாப் பெண்களும் அப்படித்தான் அளந்தார்கள், நொம்சாவும் சோளத்தை அப்படித்தான் அளந்தாள்.

அதற்கு மறுவாரம்தான் அரிசியில் கல் வரத் தொடங்கியது.

காத்தாயி இரண்டு சட்டியில் தண்ணீர் வைத்து மாற்றி மாற்றி அரிசியை அரித்தாள். அரிசி எல்லாம் அந்தச் சட்டிக்குப் போன பிறகு இந்தச் சட்டியின் அடியில் கற்கள் கிடந்தன. கம்பெனிக் கடை அரிசியில் கல் இல்லாமல் இருந்தால்தான் அதிசயம், அதனால் அவள் அதைக் கையால் வழித்துத் தெருவில் வீசினாள். மறுநாளும் இருந்தது, மறுநாளும் வீசினாள். மூன்றாம் நாள் ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்குக் கிடந்ததும் அவளுக்கு வந்த ஆத்திரத்தில், ஈரக் கல்லையெல்லாம் முந்தானையில் முடிந்துகொண்டு நேரே கம்பெனிக் கடைக்குப் போய், வரிசையில் நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு, கணக்கன் ரத்தினசபாபதியின் மேஜைமேல் கொட்டினாள்.

"இன்னாய்யா அரிசி போடறீங்க? புருஷனத்தான் முழுங்குனீங்க, பல்லையுமா முழுங்கப் பாக்கறீங்க? வேற மூட்ட குடு."

வைரத்தைக் கொண்டுவந்து கம்பெனியிடமே கொட்டி, இது கல்லு, மாற்றிக் கொடு என்று சண்டை போட்டவள் அந்த ஊர்ச் சரித்திரத்தில் அவள் ஒருத்திதான். ரத்தினசபாபதி கடையில் கணக்கனாகவும் துரைமார்களின் பேச்சைப் பெயர்த்துச் சொல்கிற துபாஷியாகவும் இருந்தவன், ஆயிரம் கல்லைப் பார்த்தவன். ஒன்றை எடுத்துக் கண்ணாடி அலமாரியில் கீறினான். கீறல் விழுந்தது. அவன் எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினான்.

காத்தாயியைச் சோதனைக் கொட்டடியில் பூட்டி விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். வயிற்றில் இருந்த நாலு பருக்கைச் சோற்றைத் தவிர எதுவும் வரவில்லை. அதற்குள் மற்ற வீடுகளிலும் கல் என்று தெரிந்துவிட்டது. கம்பெனி ஆட்கள் வந்து மூட்டைகளைக் கிழித்து அரித்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. பெண்களை விட்டு மூட்டையோடு அரிக்கச் சொன்னார்கள், அதிலும் ஒன்றும் இல்லை. சாயங்காலம் அவரவர் வீட்டில் உலைக்கு அளந்தபோது கல் வந்தது, அதுவும் உள்ளே மாட்டிக்கொண்டவனுக்கென்று தனியாக அளந்த அந்த ஒரு பிடியில்தான் வந்தது.

இப்படி ஒன்று நடந்தால் ஊர் கலகலத்துப் போகும் என்று நினைப்போம். ஒன்றும் கலகலக்கவில்லை. தினமும் விடிந்ததும் பால் வண்டிக்குப் பின்னால் மணி அடித்துக்கொண்டு கல் வண்டி வந்தது, பெண்கள் எச்சில் கிண்ணத்தைக் கவிழ்க்கிற மாதிரி கல்லைக் கவிழ்த்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனார்கள். புழுங்கலில் வருகிற கல் கொஞ்சம் மஞ்சள், பச்சரிசியில் வருவதுதான் சுத்த வெள்ளை, சோளத்தில் வருவது பெருசு என்றெல்லாம் குழாயடியில் பேச்சு வந்தது. மாரியம்மன் கோயில் பூசாரி, செவ்வாய்க்கிழமை வருகிற கல்லுக்குத் தோஷம் உண்டு என்றார். ஒரு கிழவர், கல்லானாலும் கணவன் என்று அந்தக் காலத்திலேயே சொன்னானே, அவன் தீர்க்கதரிசி அல்லவா என்று சாராயக் கடையில் வியந்தார். சரியாக அரிக்காத ஒரு சோம்பேறியின் வீட்டில் மாமனாருக்குக் கடைவாய்ப்பல் போயிற்று. கல் எப்படி வருகிறது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. உள்ளே இருக்கிறவர்கள் வாங்கின சோற்றுக்குப் பதில் மரியாதை செய்கிறார்கள் என்பது குழந்தைக்கும் தெரிந்திருந்தது.

கேட்க வேண்டியதைக் காத்தாயி மட்டும் கேட்டாள். மேனேஜர் துரையின் பங்களா வாசலில் போய் நின்றாள், ரத்தினசபாபதி நடுவில் நின்று மாற்றி மாற்றிச் சொன்னான்.

"அவுங்க உள்ள உசுரோட இல்லன்னு எனக்குத் தெரியும். சோறு கேக்கறாங்க, அதுவும் தெரியும். செங்கல்ல ஒடச்சுச் சொரங்கத்தத் தொறங்க. மூஞ்சியப் பாத்து வாயில அரிசி போட்டு மண்ணுல வச்சிடறோம். அப்பறம் ஒங்க பக்கமே வர மாட்டோம்."

துரை நீளமாக எதையோ சொன்னார். ரத்தினசபாபதி தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"உங்க துக்கத்துல கம்பெனிக்கும் பங்கு இருக்குன்னு சொல்றார். ஆனா தொறக்க முடியாதாம். நீங்க வழக்கம்போல அளந்துகிட்டே இருக்கணுமாம். மூட்டை தீர்ந்தா புது மூட்டை உடனே வந்துடும்ங்கறார்."

காத்தாயிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கடப்பாரை இல்லாமல், கூலி இல்லாமல், இடிந்து விழுகிற பயமில்லாமல் கல் வீட்டு வாசலுக்கே வரும்போது எந்தக் கம்பெனி சுரங்கத்தைத் திறக்கும்? "யான இருந்தாலும் ஆயிரம் பொன், எறந்தாலும் ஆயிரம் பொன்னுன்னு சொல்லுவாங்க" என்றாள் அவள். "எங்க ஆம்பளைங்கள அப்பிடி வச்சிட்டீங்க. இதயும் அவருக்குச் சொல்லு." ரத்தினசபாபதி அதைச் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டான்.

தகரப்பேட்டையில் பட்டம்மா என்றொருத்தி, பொறுக்க முடியாமல் பூசாரியை மடக்கி, தர்ப்பைப் புல்லில் புருஷன் உருவம் செய்து அதன் வாயில் அரிசி போட்டுக் காரியம் முடித்துவிட்டாள். உடம்பு கிடைக்காதவனுக்கு அப்படிச் செய்வது உண்டுதான். அன்றோடு அவள் வீட்டு அரிசியில் கல் நின்றது. மூன்றாம் நாள் கம்பெனி அவளைத் தகர வீட்டிலிருந்து வெளியே தள்ளியது, அடைபட்டவர்களுக்கு எவரும் கருமாதி செய்யக் கூடாது, செய்தால் குடியிருப்பு இல்லை என்று தமுக்கடித்துச் சொன்னது. அப்போதுதான் ஊருக்கு முழுசாக விளங்கியது. தங்கள் பிணங்கள் அடக்கமாகாமல் பசியோடு கிடந்தால்தான் கம்பெனிக்கு லாபம்.

"அளக்கறத நிறுத்திடுவோம்" என்றார்கள் பெண்கள். பட்டம்மாவைத் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டிருந்த காத்தாயி மாட்டேன் என்றாள். "நிறுத்தினா? அவம் பட்டினி கெடப்பான். கம்பெனி பண்ற பாவத்த நானும் பண்ணணுமா?"

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் நொம்சா சோளம் அளந்துகொண்டிருந்தாள். வேலி வழியாகவே தமிழ் கற்றவள் என்பதால் அவளுக்கு முதலில் வந்தது வசவு, பேச்சு அதற்கப்புறம்தான் வந்தது.

"கட்டைல போறவனுங்க" என்றாள் கம்பெனியை. "காத்தாயி, என் அப்பாவும் இந்தக் குழில செத்தான். அப்போ மேலே தெறந்த குழி. கயிறு அறுந்துது. சிப்போவுக்குச் சோளம் போடறேன். அப்பாவுக்கு யாரு போட்டா?"

சொல்லிக்கொண்டே இன்னொரு பிடி எடுத்துத் தனியாக வைத்தாள். அரித்துப் பார்த்தார்கள். சட்டியின் அடியில் இளநீல நிறத்தில், இதுவரை வண்டியில் ஏறாத நிறத்தில், ஒரு கல் கிடந்தது.

காத்தாயி எழுந்து புடவையை உதறிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

அன்றைக்கு அவள் தகரப்பேட்டையில் ஒவ்வொரு கதவையும் தட்டினாள், நொம்சா தன் ஆட்களின் குடிசைகளைத் தட்டினாள், உங்கள் வீட்டில் குழிக்குப் போய்த் திரும்பாதவர் யார் என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்று சொன்ன வீடு ஒன்றுகூட இல்லை. கயிறறுந்து விழுந்தவன் இருந்தான், மண் சரிந்து மூடியவன் இருந்தான், வெடி தப்பாக வெடித்து ஒரு கை மட்டும் திரும்பி வந்தவன் இருந்தான், தூசி நெஞ்சில் இறங்கி வீட்டிலேயே இருமி இருமிச் செத்தவன் இருந்தான், விளக்கெண்ணெய் குடித்தே வற்றிப்போனவன் இருந்தான், மலை மேடாக இருந்த காலத்தில் முதல் கடப்பாரை விழுந்த அன்றே பாறை உருண்டு செத்தவன்கூட இருந்தான். அவன் பெயர் யாருக்கும் தெரியவில்லை. பெயர் தெரியாதவனுக்கும் ஒரு பிடி அளக்கச் சொன்னாள் காத்தாயி. மசூதித் தெருவில் அளந்தார்கள், மாதா கோயில் தெருவில் அளந்தார்கள், வெள்ளைக்காரக் கைம்பெண் ஒருத்தி, அவள் புருஷன் கம்பெனி பிறப்பதற்கு முன்னால் தனியாகத் தோண்டிச் செத்தவன், கதவைச் சாத்திக்கொண்டு கோதுமை மாவில் ஒரு கரண்டி அளந்தாள். அந்த ஊரின் கதையைக் கம்பெனி தன் மண்டபத்துச் சுவரில் பொன்னெழுத்தில் எழுதி வைத்திருந்தது. எழுதாமல் விட்ட கதை அன்று சாயங்காலம் ஒவ்வொரு வீட்டுச் சட்டியிலும் வந்து விழுந்தது.

கல் வண்டி முதல் நாள் நிரம்பியது, மறுநாள் அச்சு முறிந்தது. கம்பெனி ஆனந்தக் கூத்தாடி நாலு வண்டி அனுப்பியது. பிறகு வண்டிகளும் போதவில்லை, தெருவில் கொட்டிக் கிடந்தது, பிள்ளைகள் அஞ்சாங்கல் ஆடினார்கள், கோழி கொத்திக் கொத்தித் துப்பியது, மழை பெய்தால் சேறாகிற குழாயடிப் பள்ளத்தைப் பெண்கள் வைரம் போட்டு நிரவினார்கள். ரயில் வந்து நிற்கும்போதெல்லாம் காத்தாயியும் நொம்சாவும் கூடையோடு போய், தேருக்குப் பூ வீசுகிறவர்கள் மாதிரி ஒவ்வொரு ஜன்னலிலும் அள்ளிப் போட்டார்கள். போலீஸ்காரன் பிடிக்க வந்தான். "பிடிய்யா" என்றாள் காத்தாயி. "எங்களப் பிடி, ரயில்ல கீறவங்களப் பிடி, கரி வண்டியப் பிடி, அப்பிடியே ஒன் தொப்பியக் கழட்டி அதுக்குள்ள இன்னா கீதுன்னும் பாத்துக்க." அவன் தொப்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

கல் ரயிலேறித் துறைமுகம் போயிற்று, கப்பலேறி நாடு நாடாகப் போயிற்று. மலைகவிழ்ந்தானில் கூட்டி அள்ளிக் குப்பையில் போடுகிறார்களாம் என்ற சேதி கூடவே போயிற்று. தூர தேசத்துச் சீமாட்டிகள் கழுத்திலிருந்ததைக் கழற்றிவிட்டு முத்துக்கு மாறினார்கள். கல் வியாபாரிகள் கம்பெனிக்குத் தந்தி அடித்தார்கள், அப்புறம் தந்தி அடிப்பதையும் நிறுத்தினார்கள். கிடைக்காதது என்பதால்தான் அதற்கு விலை. கிடைக்கிற கல்லுக்கும் புளியங்கொட்டைக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு நாள் மத்தியானம் மேனேஜர் துரை, துபாஷியைக் கூட்டிக்கொண்டு, காத்தாயியின் தகர வீட்டுக்கே வந்தார். உட்கார நாற்காலி இல்லாததால் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தார். சட்டியிலிருந்து கையை எடுக்காமல் அவள் அரித்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்தணும்ங்கறார்" என்றான் ரத்தினசபாபதி. "என்ன வேணும்னாலும் கேக்கலாமாம். கல் வீடு தரேங்கறார். ஊருக்குத் திரும்பிப் போகணும்னா கப்பல் டிக்கெட்டு."

"தொறக்கச் சொல்லு."

"சாகும்வரைக்கும் மாசச் சம்பளம்…"

"ரத்தினசபாபதி, நான் ஒரே வார்த்ததான் சொல்றேன், அதத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கறதுக்கா ஒனக்கு இவ்ளோ கஷ்டம்? தொறக்கச் சொல்லு."

அவன் சொன்னான். துரை சட்டியின் அடியில் மினுங்குவதைப் பார்த்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

செங்கல்லை உடைத்து, இடிபாட்டை நீக்கி, அடி மட்டத்தைத் திறந்தபோது அவர்கள் அங்கே வரிசையாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அழுகவில்லை, வற்றவில்லை, போன அன்றைக்கு எப்படிப் போனார்களோ அப்படியே தூசி படிந்து இருந்தார்கள். எல்லாருடைய வாயும் இறுக மூடியிருந்தது. கூடையில் வைத்து ஒவ்வொருவராக மேலே ஏற்றினார்கள்.

வாசலுக்கு வெளியே ஊரே நின்றது. பாடைகளும் பூவும் பறையும் தயாராக இருந்தன. அப்போது கம்பெனி கதவைத் திறக்காமல் ஒரு வார்த்தை சொன்னது. சோதனை இல்லாமல் எவரும் வெளியே போவதற்கில்லை, இவர்களும் போவதற்கில்லை, முக்கியமாக அந்த வாய்களைத் திறந்து பார்த்தாக வேண்டும், அத்தனை கல்லுக்கும் மூலம் அங்கேதான் இருக்கிறது.

கூட்டத்திலிருந்து உறுமல் ஒன்று எழுந்தது. காத்தாயி கையைக் காட்டி அதை நிறுத்தினாள். அன்று காலையில் அவள் புருஷனுக்குக் கடைசியாக ஒரு பிடி அரிசி அளந்திருந்தாள், அதை அரிக்கவில்லை, தண்ணீரே காட்டவில்லை, மூட்டையிலிருந்து எடுத்தபடியே முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். கம்பிக் கதவின் சந்து வழியாக அவளையும் மற்ற பெண்களையும் மட்டும் உள்ளே விட்டார்கள்.

சின்னப்பையன் பலகையில் கிடந்தான். அவன் தலைமாட்டில் வேதகிரி நின்றிருந்தான். கொஞ்சம் தள்ளி, மூக்கில் கைக்குட்டையை வைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு துரை நின்றார், அவர் பக்கத்தில் ரத்தினசபாபதி.

"தங்கச்சி" என்றான் வேதகிரி.

"தள்ளு அண்ணே. மொதல்ல எம் மொற, அப்பறம் ஒம் மொற."

அவள் மண்டி போட்டு உட்கார்ந்தாள். முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள், புருவத்தில் இருந்த தூசியைத் துடைத்தாள், மீசையைத் துடைத்தாள். இத்தனை நாள் ஷிப்டு போதும்டா என்று அவன் காதில் சொன்னாள். அவள் அழுகிறாளா என்று மற்றவர்கள் பார்த்தார்கள். அழத்தான் செய்தாள், மறைக்கவில்லை. பிறகு அவன் தாடையில் கை வைத்தாள். எத்தனை பேர் கடப்பாரை வைத்தாலும் திறக்காது என்று இருந்த வாய், சோற்றுக்கு வந்தவனின் வாய் மாதிரி தானே திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை. பல் இருந்தது, நாக்கு இருந்தது, ஒரு கல்லும் இல்லை.

அவள் முடிச்சை அவிழ்த்தாள். மூன்று தரம் அள்ளிப் போட்டாள். முதல் தரம் அரிசியோடு ஒன்று மினுங்கியது, இரண்டாம் தரம் இரண்டு மினுங்கின, மூன்றாம் தரம் விழுந்தது கட்டைவிரல் பருமன் இருந்தது, அது விழுந்தபோது தகரக் கூரையில் ஒளி ஓடி மறைந்தது. அந்தக் குழியில் அத்தனை காலம் தோண்டி எடுத்ததில் அதற்கு ஈடாக ஒன்று கிடையாது என்பது வேதகிரிக்குத் தெரிந்தது. ரத்தினசபாபதிக்கும் தெரிந்தது. காத்தாயி தாடையை மெல்ல மூடிவிட்டு எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, துரையை நேராகப் பார்த்தாள்.

"இப்ப சோதன போடு."

வேதகிரி குனிந்தான். வருஷக்கணக்காகத் துழாவிய அதே வாய். விரலை விட்டான், நாக்குக்கு அடியில் விட்டான், கடைவாய் வரைக்கும் போனான், அவனுக்குக் கருவாடு ஞாபகம் வந்திருக்க வேண்டும், தோள் ஒரு தரம் குலுங்கியது. விரலை வெளியே எடுத்தபோது நுனியில் ஒரே ஒரு அரிசி ஒட்டியிருந்தது. அதை எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டினான்.

"அரிசிங்க" என்றான்.

துரை துபாஷியைப் பார்த்து எதையோ கேட்டார். ரத்தினசபாபதி காத்தாயியைப் பார்த்தான், பலகையில் கிடந்தவனைப் பார்த்தான், அப்புறம் வாழ்நாளில் முதல் தடவையாக, வாசலுக்கு வெளியே கேட்கிற அளவுக்கு உரக்க, இரண்டு பாஷையிலும் சொன்னான்.

"அரிசி. வேற ஒண்ணும் இல்ல."

அடுத்த பலகையில் நொம்சா சிப்போவின் வாயில் அரிக்காத சோளத்தைப் போட்டாள். வேதகிரி பார்த்தான், சோளம் என்றான். அதற்கடுத்தது அரிசி, அதற்கடுத்தது அரிசி, அதற்கடுத்தது சோளம். ஒவ்வொரு வாய்க்கும் அவன் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் வாசலுக்கு வெளியே நின்ற ஊர் முழுவதும் அவனோடு சேர்ந்து சொன்னது. கதவைத் திறக்கச் சொல்லி யாரும் உத்தரவு கொடுக்கவில்லை. வேதகிரியே போய்த் திறந்தான்.

ஊரின் கிழக்கே, குழிக்கு முதுகைக் காட்டிய ஒரு மேட்டில் அவர்களை அடக்கம் செய்தார்கள். மண் தள்ளி முடித்ததும் காத்தாயி தன் கையாலேயே தாலியைக் கழற்றி, யார் கையிலும் கொடுக்காமல், அந்த மண்ணிலேயே புதைத்தாள். தாங்கள் தோண்டியதைத் தாங்களே எடுத்துக்கொண்டு, சோதனை போட்டு, ஒன்றும் இல்லை என்று கம்பெனியே சொன்ன பிறகு, அந்த ஊரை விட்டு வெளியேறியவர்கள் அவர்கள் மட்டும்தான். துரை பிறகு எத்தனையோ முறை அந்த மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றதாகச் சொல்வார்கள். ஆனால் அங்கே கடப்பாரை வைக்கத் தகரப்பேட்டையில் ஆள் கிடைக்கவில்லை, எந்தப் பேட்டையிலும் கிடைக்கவில்லை.

மறுநாள் காத்தாயி உலைக்குத் தனக்கென்று இரண்டு பிடி மட்டும் அளந்தாள். கை மூன்றாவது பிடிக்குத் தானாகப் போயிற்று, அதைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். இரண்டு சட்டியில் மாற்றி மாற்றி அரித்தாள். அரிசி எல்லாம் அந்தச் சட்டிக்குப் போன பிறகு இந்தச் சட்டியின் அடியில் சில கற்கள் கிடந்தன. ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்தாள். கறுப்பாக, அழுக்காக, அசல் ரோட்டுக் கல்.

அவள் சட்டியோடு கம்பெனிக் கடைக்குப் போனாள். வரிசையில் நின்றவர்கள் தாமாகவே விலகி வழி விட்டார்கள். ரத்தினசபாபதியின் மேஜைமேல் கல்லைக் கொட்டினாள். அவன் ஒன்றை எடுத்து, பழக்க தோஷத்தில், கண்ணாடி அலமாரி பக்கம் திரும்பினான், பிறகு கீறிப் பார்க்காமலே வைத்துவிட்டான்.

"கல்லுதான்" என்றான்.

"தெரியுதில்ல? மூட்டைய மாத்திக் குடு."

மாற்றிக் கொடுத்தான்.